அல்லது அதற்கு இணையான களப்பணி

பி.ஏ. இன்டர்நேஷனல் ஸ்டடீஸில் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னபோது எங்கள் காலனியில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அதை முடிச்சா என்ன வேலை?" தபால் துறையில் இருந்த அப்பா, "ஐ.எஃப்.எஸ். எழுதலாம்" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடுவார். நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு சரியாக வரவில்லை. உலக வரைபடம் பிடித்திருந்தது. பெருங்களத்தூரில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கல்லூரி. அதனால் சேர்ந்தேன்.

முதல் நாளே ஒரு தாள் கொடுத்தார்கள். பட்டம் வாங்க என்னென்ன முடிக்க வேண்டும் என்ற பட்டியல் அது. அரசியல், வரலாறு, பொருளாதாரம் என்று கட்டாயப் பாடங்கள், நான்கு செமஸ்டர் ஏதாவது ஒரு வெளிநாட்டு மொழி, உலகின் ஒரு பகுதியைப் பற்றிச் சிறப்புப் படிப்பு. கடைசி வரியில், 'வெளிநாட்டில் ஒரு செமஸ்டர், அல்லது அதற்கு இணையான களப்பணி' என்று இருந்தது. அப்பா அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு 'அல்லது' என்ற சொல்லின் கீழ் பேனாவால் கோடு போட்டார். "நமக்கு இதுதான்" என்றார்.

மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் என் வகுப்பில் ஆறு பேர் ஐரோப்பாவுக்குப் போனார்கள். மீதிப் பேரைப் பேராசிரியர் கூப்பிட்டுக் களப்பணியை விளக்கினார்.

"நம்ம காம்பஸ்லயே எத்தனை நாட்டு ஸ்டூடன்ட்ஸ் இருக்காங்க. ஒருத்தரோட ஒரு செமஸ்டர் பழகி, அவங்க இங்க எப்படி வாழறாங்கன்னு எழுதுங்க. ரிப்போர்ட்டை அவங்க படிச்சுக் கையெழுத்துப் போடணும். அது இல்லாம நான் வாங்க மாட்டேன்."

எனக்குக் கிடைத்தவள் ருவாண்டாவிலிருந்து உயிரித் தொழில்நுட்பம் படிக்க வந்தவள். என்னைவிட ஒரு வயது பெரியவள். வேகமாக நடப்பாள், மெதுவாகப் பேசுவாள். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில்தான். விடுதிச் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தானே சமைத்துக்கொள்ள ஒரு சின்ன வீடு கிடைத்தால் போதும் என்றாள். இது எளிதான வேலை என்று நினைத்தேன். என் களப்பணி வீடு தேடுவதாக ஆனது.

முதல் வீடு பெருங்களத்தூரில். போனில் பேசியபோது தரகர், "வாம்மா, காலியாத்தான் கீது" என்றார். நேரில் அவளைப் பார்த்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னாமா, இந்தப் பொண்ணுக்குன்னு நீ சொல்லவே இல்லியே. ஓனரு என்னைப் பேஜார் பண்ணுவாரு. வுட்டுடு."

முடிச்சூரில் ஒரு அம்மா எங்கள் இருவருக்கும் மோர் கொடுத்து உட்கார வைத்தார். அவளுடைய பின்னல் நிஜமா, தலைக்கு எப்படிக் குளிப்பாள் என்றெல்லாம் ஆசையாக என்னிடம் விசாரித்தார். கடைசியில், "எங்க வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டாரும்மா" என்றார். வீட்டுக்காரர் அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். வண்டலூரில் ஒருவர், வெளிநாட்டுக்காரர் தங்கினால் போலீஸுக்குப் படிவம் அனுப்ப வேண்டும், தன்னால் அலைய முடியாது என்றார். படிவத்தை நானே நிரப்பித் தருகிறேன் என்றேன். உடனே, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்தான் வீடு என்றார். வாசலில் மீன் கழுவிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு இடத்திலும் மொழிபெயர்ப்பது என் வேலை. யார் என்ன சொன்னாலும், "அவங்க சொந்தக்காரங்க வர்றாங்களாம்" என்று சொல்லிவிடுவேன். நான்காவது வீட்டிலிருந்து திரும்பும்போது அவள் கேட்டாள்.

"அவர் அவ்வளவு நேரம் பேசினார். நீ ஒரே வரிதான் சொல்ற. தமிழ் அவ்வளவு நீளமான மொழியா?"

நான் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

இப்படிப் பதினொரு வீடுகள் பார்த்தோம். அத்தனை நாளும் எங்கள் வீட்டு மாடி காலியாக இருந்தது. குடியிருந்தவர்கள் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள். கேட்டில் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்டேன். அம்மா பக்கத்துப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"மாடியை அவளுக்குக் குடுக்கலாமாம்மா?"

அம்மா பேனாவைக் கீழே வைக்கவில்லை. "நல்ல பொண்ணாத்தான் இருக்கும். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவளைப் பார்க்க யார் யாரோ வருவாங்க. நாளைக்கு உனக்கு வரன்னு யாராவது வந்து பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"யாரும் வர மாட்டாங்கம்மா. அவ ஒருத்திதான்."

"வேணாம். வேற என்ன வேணா பண்ணு. ஒரு நாள் சாப்பிடக் கூட்டிட்டு வா."

நான் மறுபடி கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. காலனியில் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, முடியாது என்று சொன்னவளும் நான் இல்லை. இதை ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் சாப்பிட வந்தாள். அவள் வருவதற்கு முன் கேட்டில் இருந்த அட்டையைக் கழற்றித் தண்ணீர் மோட்டாருக்குப் பின்னால் செருகி வைத்தேன். அம்மா வடை, பாயசம் என்று விருந்தே சமைத்திருந்தாள். "நல்லா சாப்பிடும்மா, எவ்வளவு இளைச்சிருக்க" என்று அவளுக்குப் புரியாத தமிழிலேயே உபசரித்தாள். அப்பா ஆப்பிரிக்கத் தபால்தலைகள் சிலவற்றை எடுத்து வந்து காட்டினார். எல்லாம் நன்றாகத்தான் போனது.

கிளம்பும்போது எதிர்வீட்டு மாமி கேட்டுக்கு வந்தார். அவளைப் பார்த்துப் புன்னகைத்து, தன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"மேல் போர்ஷன் பார்க்க வந்தியா?"

"இல்லை, சாப்பிட வந்தேன்" என்றாள் அவள்.

ஏரிக்கரையோரமாக ஸ்டேஷனுக்கு நடந்தோம். ரயில் எத்தனை மணிக்கு என்பதைத் தவிர அவள் எதையும் கேட்கவில்லை. ஒருவேளை மாமியின் ஆங்கிலம் புரிந்திருக்காது என்று என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த மாதக் கடைசியில் கூடுவாஞ்சேரியில் மணிப்பூர் நர்ஸுகள் இருவர் தங்கள் வீட்டில் ஓர் அறையை அவளுக்குக் கொடுத்தார்கள். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

பதினொரு ஓனர்களையும் திரும்பப் போய்ப் பேட்டி எடுத்து, அறிக்கையை எழுதி முடித்து, கையெழுத்துக்காக அவளைக் கல்லூரி கேன்டீனில் சந்தித்தேன். அவள் தாள் தாளாகப் படித்தாள். பதினொன்றாவது வீட்டுக்குப் பிறகு முடிவுரை வந்ததும் நிறுத்தினாள்.

"ஒரு வீடு குறையுது."

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. "அதை நாம போய்ப் பார்க்கவே இல்லையே" என்றேன்.

"நான் அங்க சாப்பிட்டிருக்கேன்."

"உனக்குக் கோபமா?"

"அன்னிக்கு ரயில்ல ரொம்ப இருந்தது. இப்ப அவ்வளவு இல்ல. அதையும் எழுதிட்டு வா. கையெழுத்துப் போடறேன்."

இரண்டு பக்கங்கள் சேர்த்து எழுதினேன். அம்மா சொன்னது, நான் பேசாமல் இருந்தது, அட்டையைக் கழற்றியது எல்லாவற்றையும். அவள் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பிறகு எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தாள்.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் அந்த இரண்டு பக்கங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பதினொரு ஓனரையும் திரும்பப் போய்ப் பேட்டி எடுத்திருக்கீங்க. பன்னிரண்டாவது ஓனரை ஏன் எடுக்கல?"

"அவங்க என் அம்மா, சார்."

"தெரியுது. எடுத்துட்டு வாங்க."

அன்று சாயங்காலம் கேள்வித்தாளோடு அம்மாவின் முன்னால் உட்கார்ந்தேன். மற்றவர்களிடம் கேட்ட அதே ஏழு கேள்விகள். முதலில் அம்மா சிரித்தாள். பிறகு கோபப்பட்டாள். "எங்களைக் காட்டிக் குடுக்கவா இந்தப் படிப்பு?" என்றாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே ஆரம்பித்தாள்.

"பேர் போடுவியா?"

"யார் பேரும் இல்லம்மா."

"எனக்குப் பயமா இருந்தது. என்ன பயம்னு கேட்டா சொல்லத் தெரியல. அந்தப் பொண்ணைப் பார்த்தப்புறம் அவமேல இல்ல. ஆனாலும் போகல. இப்படியே எழுதிக்கோ."

அப்படியே எழுதினேன். களப்பணிக்கு அந்த வருடத்தின் சுமாரான மதிப்பெண்களில் ஒன்று எனக்குக் கிடைத்தது. மொழிப்பாடமாக எடுத்திருந்த பிரெஞ்சுதான் என்னைக் காப்பாற்றியது. மாடிக்கு மதுரைக்காரக் குடும்பம் ஒன்று குடிவந்தது. நான் ஐ.எஃப்.எஸ். எழுதவில்லை. இந்தப் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு நாளாவது யாருக்காவது வீடு கேட்டுப் போன் செய்கிறேன். எந்த நாடு என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் அங்கேயே போனை வைத்துவிடுகிறார்கள். மாணவர்களுக்கு அலைச்சல் மிச்சம்.

போன வருடம் அவள் ஒரு பயிற்சிக்காகச் சென்னை வந்திருந்தாள். தாம்பரத்தில் ஹோட்டலில் தங்கியிருந்தாள். பார்க்கப் போகிறேன் என்றதும் அம்மா தானும் வருவதாகச் சொன்னாள். கீழே இருந்த உணவகத்தில் மூவரும் தோசை சாப்பிட்டோம். அவள் தன் மகனின் படங்களைக் காட்டினாள். அம்மா தான் ஓய்வு பெற்றதைப் பற்றிப் பேசினாள், நான் மொழிபெயர்த்தேன். இந்த முறை ஒரு வார்த்தையையும் விடவில்லை. மன்னிப்பு என்று யாரும் எதையும் கேட்கவில்லை. கிளம்பும்போது அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அம்மா ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு அவள் முதுகில் வைத்து, மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள்.