உலைக்கு ஊற்றிய ச்சய்யா

எதெல்மிராவுக்கு நெருப்பைக் கண்டு பயமில்லை. மரியாதைக் குறைவைக் கண்டால்தான் பயம். புதுச் சட்டி வாங்கினால்கூட மண் தாய்க்கு இரண்டு சொட்டுச் சாராயம் ஊற்றாமல் அடுப்பில் ஏற்ற மாட்டாள். கரிகிமா மலைமேட்டில் லாமா மந்தை மேய்த்தவள், இகிகே துறைமுகத்துக்கு இறங்கி மீன் கழுவினாள். கடைசியில் தமருகல் பாலைவனத்துப் பாசிக்குளங்களில் வந்து ஒதுங்கினாள். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி அது. உப்புத்தண்ணீரும் வெயிலும் கிடைத்தால் போதும், குளமே பச்சையாகிவிடும். அதை வடித்து, உலர்த்தி, பொடியாக்கிக் கொடுப்பது அவள் வேலை. குளத்தில் கெட்ட நுரை கட்டினால், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதுபோல் சோறு இறங்காமல் கிடப்பாள்.

அந்தப் பொடிக்காகத்தான் உலை வந்தது. காற்றே புகாத இரும்புக் குழாயில் போட்டுச் சுட்டால் பொடி எரியாது, ஆவியாகும். ஆவியைக் குளிரவைத்தால் கரிய எண்ணெய். சுத்திகரித்தால் வண்டிக்கு ஆகும். பிசினுக்கும் சாயத்துக்கும் வேண்டிய ரசாயனங்களையும் அதிலிருந்தே பிரிக்கலாம். மிஞ்சும் கரி கினோவா தானிய வயலுக்கு உரம். உள்ளே காற்று மட்டும் வரக் கூடாது, வந்தால் வெடிதான் என்று இன்ஜினியர் ருபெர்த்தோ காலையும் மாலையும் மந்திரம்போல் ஓதிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். ஆனால் தெற்கே மழைத் தீவில் பிறந்தவர். எங்கள் பக்கத்துப் பேச்சு அவருக்குப் பாதிதான் ஏறும்.

உலையை முதன்முதலாக மூட்டும் நாள் கார்னிவல் திருவிழாச் செவ்வாயாக வந்து வாய்த்தது.

"தொன் ருபெர்த்தோ, இன்னைக்கு நல்ல நாளு. உலைக்குக் கொஞ்சம் ச்சய்யா போட்டுக்கட்டுமா?" என்று எதெல்மிரா கேட்டாள்.

"தாராளமாப் போடும்மா. தரையெல்லாம் குப்பையாக்காம பாத்துக்க."

குப்பையா என்று அவளுக்குச் சுருக்கென்றது. தெற்கத்திக்காரர், பேசத் தெரியாதவர் என்று விட்டுவிட்டாள். அவர் ஊரில் ச்சய்யா என்றால் திருவிழாவில் தூவும் வண்ணக் காகிதத் துணுக்கு. மலையில் ச்சய்யா என்றால் மண் தாய்க்குச் சாராயம் வார்ப்பது. இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லி, தலையாட்டி, அவரவர் வேலைக்குப் போனார்கள்.

இரும்பின்மேல் தெளித்தால் இரும்புக்கு மட்டும்தானே போய்ச் சேரும்? உலை தின்னப்போவது அவள் வளர்த்த பாசியை. அதனால் உச்சியிலிருந்த பொடித் தொட்டியைத் திறந்து, ஒரு பாட்டில் கரும்புச் சாராயத்தை முழுசாகப் பொடியின்மேல் கவிழ்த்தாள். கஞ்சத்தனம் பண்ணும் நாளா அது? பிறகு மூடியைப் போட்டு இறுக்கினார்கள், உள்ளிருந்த காற்றை நைட்ரஜன் விட்டு விரட்டினார்கள், உலை சூடேறியது.

பொடி உள்ளே இறங்க ஆரம்பித்ததுமே அழுத்தமானியின் முள் எகிறியது. இன்ஜினியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். முள் நிற்பதாயில்லை.

"பொடியில ஈரம். மூடுபனி இறங்கியிருக்கு. நீராவி திரும்பி மேல ஏறுது," என்றார். "லிசாந்த்ரோ, ஏறிப் போயி மூடியைக் கொஞ்சம் தளர்த்து. வெளிய போயிடட்டும்."

லிசாந்த்ரோ எதெல்மிராவின் புருஷன். உலைக்கு வெல்டிங் செய்தவன். ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினான்.

என் பொடியிலா ஈரம் என்று அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்பளம்போல் நொறுங்க நொறுங்க உலர்த்திய பொடி. சண்டைக்கு வாயெடுத்தவள், அடுத்த கணம் விறைத்துப்போனாள். பொடியில் ஈரமில்லை. அவள் ஊற்றியதுதான் ஆவியாகிக் கொண்டிருக்கிறது. மூடி திறந்தால் அந்த ஆவி கொதிக்கும் குழாயின்மேல் கொட்டும், காற்றும் சேரும். மூடிக்குமேல் குனிந்திருப்பது அவன் முகம்.

சொன்னால் வேலை போகும். மலைக்காரி புத்தி என்பார்கள். இனி எவளையும் மலையிலிருந்து எடுக்க மாட்டார்கள். குளங்களை யாரோ பார்த்துக்கொள்வார்கள், சாகடிப்பார்கள். அவள் வாய் திறக்கவில்லை. மேலே முதல் போல்ட் கிறீச்சிட்டுச் சுழன்றது.

"திறக்காதய்யா!" என்று கத்தினாள். "உள்ள இருக்கறது தண்ணி இல்ல, சாராயம்."

இன்ஜினியர் திரும்பினார். "சாராயமா? எந்தச் சாராயம்?"

"ச்சய்யா போடட்டுமான்னு கேட்டேனே. நீங்கதானே தாராளமாப் போடுன்னீங்க."

"காகிதம் தூவறதுக்குத்தானே கேட்ட?"

"மண் தாய்க்குக் காகிதத்தையா குடிக்கக் குடுப்பாங்க?"

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் திட்டுவதற்கு நேரம் செலவழிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "லிசாந்த்ரோ, திரும்ப இறுக்கு. இறுக்கிட்டு இறங்கு," என்றார். பொடி இறங்குவதை நிறுத்தினார். நைட்ரஜனை முழுசாகத் திறந்து, ஆவியை, வேண்டாததை எரித்துத் தீர்க்கும் வெளிமுற்றத்து எரிகுழாய்க்குத் திருப்பினார். வெயிலில் சுடர் தெரியவில்லை. குழாய் வாய்க்குமேல் காற்று நடுங்குவது மட்டும் தெரிந்தது. முள் அதே இடத்தில் ஆடிக்கொண்டு நின்றது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அது மெல்ல இறங்கியது.

"என்னன்னு கேக்காம தலையாட்டினேன். பாதித் தப்பு என்னுது," என்று சொல்லிவிட்டு, இன்ஜினியர் எரிகுழாயைப் பார்க்க முற்றத்துக்குப் போனார்.

லிசாந்த்ரோ ஏணியடியில் உட்கார்ந்திருந்தான்.

"நான் மட்டும் கத்தலேன்னா என்ன ஆகியிருக்கும், யோசிச்சுப் பாத்தியா?" என்றாள்.

அவன் ஸ்பானரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீ ஊத்தினத நான் பாத்தேன், மிரா."

"எப்போ?"

"காலையில. குளத்தோரம் நின்னுட்டிருந்தேன்."

"அப்ப தெரிஞ்சேதான் ஏறினியா? தீப்பிடிக்கும்னு தெரிஞ்சேவா?"

"பிடிக்காமலும் போகலாம்ல. சொன்னா உன்னை அனுப்பிடுவாங்க. குளத்தை விட்டுட்டு நீ எங்க இருப்ப?"

எதெல்மிரா அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். பிறகு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். இன்ஜினியர் திரும்பி வந்த பிறகும் விடவில்லை. முதல் போல்ட் சுழலும்வரை தானும் வாயை மூடிக்கொண்டு நின்றதை அவனிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.