அரியரத்தினம் அண்ணையின் கைமணி

நான் மன்னாரில் பிறந்த கத்தோலிக்கன். சூசையப்பர் எங்கள் ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேல்மாடிச் சைவக்காரர் ஒருவர் அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டால் எரிச்சல் வராதா?

நாங்கள் குடியேறிய பனிநாட்டு நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில், எங்கள் கட்டடத்து ஜன்னலைத் திறந்தால், மலைச்சரிவில் சூசையப்பர் கோயிலின் பச்சைக் கூரை தெரியும். அடியிலிருந்து கோயில்வரை படிகள். நடுவில் உள்ள மரப்படிகள் முழங்காலில் ஏறுகிறவர்களுக்கு. மற்றவர்கள் ஓரத்தால் நடந்து ஏறலாம்.

அந்த மேல்மாடிக்காரர் அரியரத்தினம் அண்ணைக்குப் புவாண்ட்-கிளேர்ப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்கும் வேலை, பின்னேர ஷிப்ட். அதிர்ந்து கதைக்காத மனிதர். 2004 மாரியில், உறைபனிக் காலத்தில், அவருடைய மனைவி பாலாம்பிகை அக்காவுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும் என்று டொக்டர் சொன்னார். மறுநாள் காலையே அண்ணை பனிக்குள் அந்த மலைக்குப் புறப்பட்டுவிட்டார். கையில் ஒரு கம்பளிக் காலுறை, அதற்குள் வீட்டுச் சாமித்தட்டில் இருந்த கைமணி. வழியில் கிலுங்கக்கூடாதாம்.

"என்ன அண்ணை, உங்கட பிள்ளையார் லீவில போட்டாரோ?" என்று கேட்டேன்.

"மலை எண்டால் மலைதான், அல்பேட்," என்றார்.

விசயம் பிறகுதான் தெரிந்தது. கலியாணமான புதிதில், ஊரில் இருந்தபோது, இருவரும் சிவனொளிபாத மலைக்குப் போயிருக்கிறார்கள். அதன் உச்சியில் உள்ள பாதம் சைவர்களுக்குச் சிவனுடையது, பௌத்தர்களுக்குப் புத்தருடையது, முஸ்லிம்களுக்கும் எங்களில் பலருக்கும் ஆதாமுடையது. எல்லாவற்றுக்கும் தங்களுக்குள் அடிபட்ட ஒரு தீவின் சனம், அந்தப் பாதத்துக்காக மட்டும் ஒரே படியில் வரிசையாக ஏறியது. நினைத்தால் இன்றும் எனக்கு மயிர் கூச்செறியும். ஏறும்போது களைப்பென்று சொல்லக்கூடாது; இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கவே கூடாது. கேட்டால் மலை ஏறவிடாதாம். உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனையாவது தரம் ஏறுகிறோமோ அத்தனை தரம் அடிக்க வேண்டும்.

மலையடியில் உள்ள நல்லதண்ணி என்ற ஊரிலிருந்து கொஞ்சத் தூரம் ஏறியதும் அக்காவுக்கு மூச்சு முட்டி, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அண்ணை கைத்தாங்கலாக அவரைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். "நீ தேத்தண்ணிக் கடையில இரு, நான் போட்டு வாறன்" என்று அவர் சொல்லவில்லை. பிறகும் ஒருநாளும் தனியே போகவில்லை.

"மலை என்னை வேண்டாமெண்டிட்டுது. என்னால அவரும் பாதம் காணேல்லை," என்று என் மனைவி றோஸ்மேரியிடம் சொல்லி அக்கா அழுவார்.

அக்கா குணமாகி வீடு வரும்வரை தினமும் சூசையப்பர் மலை ஏறுவதாக அண்ணைக்கு நேர்த்திக்கடன். முதல்நாள் மேலே நின்று ஒருதரம் அடித்தார், அடுத்த நாள் இரண்டு தரம். மாரி முடிய அது ஒரு பூசை அளவுக்கு நீண்டுவிட்டது. ஒருநாள் வேடிக்கை பார்க்கப் பின்னால் போனேன். கீழே நகரம் முழுவதும் வெள்ளையாகக் கிடக்க, கை விறைக்க விறைக்க அந்த மனிதர் அடித்துக்கொண்டே நின்றார். பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரக் கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். என்னை அறியாமல் நானும் தொப்பியைக் கழற்றினேன். அன்றோடு என் வாய்க்கொழுப்புப் பாதி குறைந்தது என்பாள் றோஸ்மேரி.

ஒப்பரேசன் சரிவந்தது. கோடையில், இனி மெதுவாகப் படி ஏறலாம் என்றார் டொக்டர். அக்காவுக்குச் சந்தோசத்தைவிடப் பயம்தான் கூட. "இந்த மலையும் திருப்பி அனுப்பினால்?" என்று கேட்டார். கத்திக்குப் பயப்படாத மனுசி அதற்குப் பயந்தார்.

ஆவணியில் நாலு பேருமாகப் போனோம். அக்கா நின்று நின்று ஏறினார். பாதி வழியில் எனக்கு வாய் தவறிவிட்டது.

"இன்னும் எவ்வளவு தூரம் கிடக்கு?"

அண்ணை திரும்பிப் பார்த்தார். அக்காவின் முகம் வெளிறிப்போனது. கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"கேட்டிட்டார். இனி ஏறேலாது."

"அவன் வேதக்காரன், சூசையப்பர்ர ஆள். அவன்ர கேள்வி கணக்கில்லை," என்றார் அண்ணை. அக்கா அசையவில்லை.

றோஸ்மேரி என் தோளைப் பிடித்து நடுப்படிப் பக்கம் தள்ளினாள். "நாக்காலதானே பிழை விட்டனீங்கள்? முழங்காலால தண்டம் கட்டுங்கோ!"

மண்டியிட்டேன். மூட்டு ஒவ்வொரு படியிலும் என்னைத் திட்டியது. "சூசையப்பரே, பிழை என்னுடையது, அவவை விடும்" என்று உண்மையாகவே மன்றாடினேன். நான் முக்கி முனகி ஏறுவதைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு படி வைத்தார். பிறகு இன்னொன்று. கடைசிவரை என் பக்கத்திலேயே வந்தார்.

மேலே போய்த் திரும்பினால், கூரைகளும் மரங்களும் தாண்டி வானம் விரிந்து கிடந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கைமணியை வாங்கி ஒரேயொரு தரம் அடித்தார்.

பிறகு மணியை அண்ணையிடம் கொடுத்தார். ஒரு மாரி முழுவதும் ஏறியவர், இன்றைக்கு அத்தனை தரமும் அடித்து முடியப் பொழுதுபட்டுவிடும் என்று நான் முழங்காலைத் தடவிக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். அண்ணை ஒருதரம் அடித்தார். மணியைக் காலுறைக்குள் வைத்தார்.

"அண்ணை, கணக்கு மறந்துபோச்சோ?"

அக்காவின் செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தபடி சொன்னார்:

"இவவோட இதுதானே முதல் தரம்."