அக்காவுக்கு ஒன்பது நாள்

ரிட்டையர் ஆகின அடுத்த கிழமையே நான் ஐரோப்பாவைப் பங்குபோட வெளிக்கிட்டன். இருபத்தெட்டு வருசம் கனடாவில, ஸ்காபரோவில ஒரு பாண் சுடுற பேக்டரியில நிண்டு முழங்கால் தேய்ஞ்ச மனிசன் நான். இனி ஊர் சுத்துவம் எண்டு ஒரு கொழுப்பு. ஆனால் உண்மையான காரணம் பாரிசில இருக்கிற அக்கா. அவவுக்கு ரெண்டு கிட்னியும் பழுதாப்போச்சு. கிழமையில மூண்டு நாள் ஆஸ்பத்திரியில இரத்தம் சுத்திகரிக்கோணும். அவ இனி பிளேன் ஏறி இஞ்ச வரமாட்டா. நான்தான் போகோணும், அதுவும் கெதியாப் போகோணும்.

கனடாப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை, தொண்ணூறு நாள் இருக்கலாம் எண்டு ஆரோ சொல்லிச்சினம். நான் என்ன நினைச்சன்? நாட்டுக்குத் தொண்ணூறு எண்டு. பிரான்சுக்கு ஒரு தொண்ணூறு, ஜேர்மனிக்கு ஒண்டு, சுவிசுக்கு ஒண்டு, நோர்வேக்கு ஒண்டு. எங்கட சனத்துக்கு இதெல்லாம் வேற வேற உலகம். ஜேர்மனிக்காரர் சுட்ட பலகாரத்தையே பிரான்ஸ்காரர் வாயில வைக்கமாட்டினம். கணக்குப் பாத்தால் முழுசா ஒரு வருசம். உடன போனை எடுத்து எல்லாருக்கும் வாக்குக் குடுத்தன். ஜேர்மனி மச்சானுக்கு ஒரு மாதம், சுவிசில இருக்கிற மகள்முறைப் பெறாமகளுக்கு ஒரு மாதம், நோர்வேயில இருக்கிற சின்னண்ணைக்குக் கோடையில மூண்டு கிழமை. மிச்சமெல்லாம் அக்காவுக்கு.

பக்கத்தில ரூஜ் எண்ட இடத்தில இருக்கிற என்ர மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொம்பியூட்டரைத் திறந்து என்ர ராச்சியத்தைக் கவிட்டுப்போட்டாள். இந்த நாடுகள் எல்லாத்துக்கும் சேர்த்துத்தானாம் தொண்ணூறு. அதுவும் நூற்றியெண்பது நாளுக்குள்ள. இறங்கிற நாளும் கணக்கு, ஏறுற நாளும் கணக்கு. லண்டன் மட்டும் உதுக்குள்ள இல்லையாம். லண்டனில இருக்கிற சொந்தத்தோட எனக்குப் பத்து வருசமாக் கதை பேச்சில்லை. என்ர பலன் அப்பிடி.

சரி, நாளைக் குறைப்பம் எண்டால், குறைக்கிறது லேசோ? எங்கட ஆக்களில ஒருத்தற்ற வீட்டில தங்கி மற்றவற்ற வீட்டில தங்காமல் வந்தால் அது கொலைக்குற்றம். உடன ஒண்டும் சொல்லமாட்டினம். ஆறு வருசம் கழிச்சு ஏதோ ஒரு கலியாண மண்டபத்தில, வாயில வடையோட, எங்கட வாசல்படி மிதிக்காத ஆள்தானே நீங்கள் எண்டு கேப்பினம். மச்சான் எனக்கெண்டே புது மெத்தை வாங்கிப்போட்டாராம். பெறாமகள் தன்ர பிள்ளை பெரியபிள்ளையானதுக்கு வைக்கிற சாமத்தியவீட்டையே என்ர வசதிக்குத் தள்ளி வச்சிருக்கிறாளாம். சின்னண்ணை அரைவாசியில போனை வச்சிட்டார். ஒருத்தரும் ஒரு நாளும் விட்டுத்தரேல்லை.

அக்கா மட்டும் ஒண்டும் கேக்கேல்லை. கேக்காத ஆளிட்டத்தானே வெட்டலாம். முப்பது எண்டு வச்சிருந்தன், இருபதாக்கினன், கடைசியில ஒன்பதில வந்து நிண்டுது. நான் எழுதிப் பிரிட்ஜில ஒட்டியிருந்த நாள்கணக்குப் பேப்பரைப் பாத்திட்டு என்ர மனிசி, ஒன்பது நாளில நாலு நாள் அவ ஆஸ்பத்திரிக் கதிரையில எல்லோ இருப்பா எண்டா. எனக்குக் கோவம் வந்திட்டுது. உமக்கு உந்தச் சட்டம் விளங்காது எண்டு கத்தினன். சட்டம் விளங்காமல் ஊருக்கெல்லாம் வாக்குக் குடுத்தது நான்.

பிறகு அக்காவுக்கு எடுத்து, வங்கி மனேஜர் மாதிரிக் குரலை வச்சுக்கொண்டு, அரசாங்கத்தின்ர விதி இப்பிடி, எல்லாரையும் சமாளிக்கோணும், ஒன்பது நாள்தான் வருது எண்டு விளங்கப்படுத்தினன். நான் முடிச்சாப்பிறகு அக்கா மெல்லமாச் சொன்னா:

"நீ கனடாவுக்குப் போறதுக்கு முதல் பாரிசில ஏழு மாசம் என்ர அறையில ஒளிச்சிருந்தனி. விசாவும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. அப்ப நான் ஒரு நாளும் நாள் எண்ணேல்லையடா."

ஆறாம் மாடியில ஒரு கட்டில் போடுற அறை அது. கட்டிலில நான், நிலத்தில அவ. விடிய முதல் எழும்பி ஒபிஸ் கூட்டித் துடைக்கப் போவா. போலீஸ் பிடிச்சால் அவவின்ர வதிவிடப் பேப்பரும் போயிருக்கும். அந்த ஏழு மாசமும் நான் செய்த ஒரே வேலை, சோறு குழைஞ்சு போச்சு எண்டு குறை சொன்னது.

"தொண்ணூறும் உனக்குத்தான் அக்கா," எண்டன். மற்ற ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டு கேட்டா. அவையள் வேணுமெண்டால் ரெயில் ஏறிப் பாரிசுக்கு வந்து என்னைப் பாக்கட்டும், அவையளின்ர நாளை ஒருத்தரும் எண்ணுறேல்லைத்தானே எண்டன். அக்கா சிரிச்சா. சிரிச்சு முடியக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிச்சுது.

"தொண்ணூறு எண்டால் எனக்குப் பெரிய கணக்கடா," எண்டா. "நீ இருக்கிறதைப் பற்றிக் கதைக்கிறாய். நான் இருக்கிறதையும் யோசி. கெதியா வா."

நான் போனை வைக்கேல்லை. வைக்காமலே மனிசியின்ர போனில மகளைக் கூப்பிட்டு ரிக்கற்றைப் போடச் சொன்னன்.