அக்காவின் கமராவுக்கு நான் விட்ட எண்ணெய்

அக்கா மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரில் அவர் புகழைப் பாடுவதைவிட, அவர்மேல் விழுந்த ஒரு பழியைத் துடைப்பதே தம்பியாகிய எனக்கு முதற்கடமை.

சாவகச்சேரியில் பிறந்த அக்கா, மணமுடித்ததும், ரயில்வேயில் கிளார்க்காயிருந்த அத்தானோடு கப்பலேறி மலாயாவின் ஜொகூருக்கு வந்து லாபிஸில் குடியேறினார். பின்னர் என்னையும் அழைத்து வேலை தேடித் தந்தார். கோபக்காரர், ஆனால் கை சும்மா இராது. மணிக்கூடு பழுதானால் தாமே கழற்றிப் பூட்டிவிடுவார்.

"பிள்ளை சாகக் கிடக்கையில் தாய் கமராவை நோண்டிக்கொண்டிருந்தாள்" என்று உறவினர் சிலர் பேசினார்கள். நடந்தது இதுதான்.

இங்கே பிறந்த அக்காவின் மகனைக் கண்டிராத எங்கள் அம்மா, ஊரிலிருந்து எழுதும் கடிதத்திலெல்லாம் பேரனின் படம் கேட்டார். அத்தான் பழைய கமரா ஒன்று வாங்கி வந்தார். இவ்வூர் ஈரத்தில் அதன் ஷட்டர் சுணங்கிச் சுணங்கித் திறந்தது. "எண்ணெய் விட்டாச் சரிவரும்" என்று தையல் மெஷின் எண்ணெயை அதில் விட்டவன் நான். ஷட்டரின் மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதே கிழமை பிள்ளைக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"கண் திறந்திருக்கேக்கையே எடுத்துப்போடோணும், தம்பி. அம்மா இவனை ஒருக்காலும் காணேல்லை" என்றார் அக்கா. சாப்பாட்டு மேசையில் கமராவைக் கழற்றி, ஸ்பிரிட் தோய்த்த துணியால் தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிள்ளை உள்ளறையில் என் மடியில் கிடந்தான். ஷட்டர் சரியாகி 'டிக்' என்று அடித்த சத்தம் கேட்டது. அப்போதுதான் நான், "அக்கா, ஓடி வாங்கோ!" என்று கத்தினேன். அவர் வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா அழவில்லை. பிள்ளைக்குத் தலைசீவி, கன்னத்தைத் தலையணையில் சாய்த்து, படம் எடுத்தார். "நித்திரை கொள்ளுறான்" என்று எழுதி அம்மாவுக்கு அனுப்பினார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

அம்மாவின் பதில் வந்தது: "பேரன் நல்ல வடிவு. முழிச்சிருக்கேக்க இன்னொண்டு எடுத்து அனுப்பு, மோனை." அதன் பிறகே மரணச் செய்தியை எழுதினோம். படம் பிள்ளை உயிரோடிருந்தபோது எடுத்தது என்றே அம்மா இன்றும் நம்புகிறார்.

சென்ற ஆண்டு நிமோனியாவில் அக்கா கிடந்தபோது கஞ்சி காய்ச்சித் தந்த அயலவர்களுக்கும், பாடை சுமந்த ஸ்டேஷன் நண்பர்களுக்கும் எங்கள் நன்றி.

ஊரில் இம்மலரைப் பெறுவோரிடம் ஒரு வேண்டுகோள். அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது; யாரேனும் வாசித்தால்தான் கேட்பார். இந்தப் பக்கத்தை மட்டும் அவருக்கு வாசித்துவிடாதீர்கள். தலைமாட்டில் அவர் வைத்திருப்பது, பேரன் உறங்கும் படமாகவே இருக்கட்டும்.