மொந்தோயா தலைவலி

"ஏறு, ஏறு. பெர்னபே மகள் லூஸ், பெர்னபேக்கு அப்பன் தெமேத்ரியோ, அவனுக்கு அப்பன் குருடன் ஹுவான், அவனுக்கு அப்பன் ஆட்டுக்காரன் சால்வதோர். அம்மாகிட்ட கேட்டியா, அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தாச்சான்னு?"

பள்ளிப் பேருந்தின் கதவைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநர் எலோய் மொந்தோயா இதைச் சொல்லி முடிக்கும்வரை சிறுமி லூஸ் படியில் ஒரு காலும் பனியில் ஒரு காலுமாக நிற்க வேண்டும். மூதாதையர் அனைவரும் ஏறிய பிறகே பிள்ளை ஏறலாம் என்பது எங்கள் பள்ளத்தாக்குப் பேருந்தின் சட்டம். நியூ மெக்ஸிகோவின் இந்த மலைமடிப்பில் பள்ளிக்கூடம் தாமதமாகத் தொடங்குவதற்குப் பனியைக் காரணம் சொல்வார்கள். பனி பாவம்.

எலோய்க்கு அறுபது தாண்டிவிட்டது. இரண்டு கதவையும் திறந்து வைத்த கார் போல விரிந்து நிற்கும் காதுகள். அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் தொப்பியைத் தேவாலயத்துக்கு வெளியே அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை. எந்த நிறுத்தத்திலும் எஞ்சினை அணைக்க மாட்டார். இந்தக் குளிரில் அணைத்தால் அது மறுபடி எழுந்திருக்கும் என்பதற்கு அவரிடமே உத்தரவாதம் இல்லை. மதியச் சாப்பாடு தோர்த்தியா ரொட்டியில் சுருட்டிய பீன்ஸும் சுட்ட பச்சை மிளகாயும். கண்ணாடிக்கு முன்னால் ஒரு மாதா படம். போன குளிர்காலம்வரை அதன் பக்கத்திலேயே ஓர் உருளைக்கிழங்கும் சின்னக் கத்தியும் இருந்தன. மாதா பொதுவான ஆபத்துகளுக்கு. கிழங்கு தலைவலிக்கு.

தலைவலியைப் பற்றி அவர் ஒரு சித்தாந்தமே வைத்திருந்தார். "மொத மொந்தோயா ஸ்பெயின்லேர்ந்து வந்து எறங்கினப்பவே தலையப் புடிச்சிக்கிட்டுதான் எறங்கினாரு. ஊர்ல மத்தவனுக்கு வர்றதெல்லாம் வாடகைத் தலைவலி. நம்மளது சொந்தம்." ஏதாவது பிள்ளை தலை வலிக்கிறது என்றால் போதும், "சபாஷ், அசல் சரக்கு!" என்று முதுகில் தட்டிக் கொடுப்பார். கிழங்கை வட்டமாகச் சீவி இரு பொட்டிலும் ஒட்டுவார். தமக்கு நேர் பின்னாலிருக்கும் முதல் பெஞ்சில் உட்கார வைப்பார். முதல் பெஞ்சு அசல் மொந்தோயாக்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. இப்படி ஒரு பட்டம் இலவசமாகக் கிடைக்கும்போது எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? கணக்குப் பரீட்சை நாட்களில் பேருந்தில் பாதிப் பேர் வம்சப் பெருமை தாங்க முடியாமல் தலையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். அன்றைக்குக் கிழங்கு பற்றாது.

ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் மூதாதையர் பட்டியல் கிடையாது. என் எதிர்வீட்டு ஒர்லாந்தோவின் மகன் நீக்கோவுக்கு வெறும் "ஏறு"தான். காரணம், அவனுடைய தாத்தா ஃபிலிபெர்த்தோவுக்கும் எலோய்க்கும் வாய்க்கால் தண்ணீரில் வந்த சண்டை. ஃபிலிபெர்த்தோ செத்த அன்று யாரோ வாய் தவறி "ஒரே ரத்தமாச்சே" என்று சொல்லப்போக, எலோய் சவப்பெட்டியின் அருகில் நின்றே அறிவித்தார்: "இந்தப் பெட்டியில ஒரு சொட்டு மொந்தோயா ரத்தம் கெடையாது." பெட்டிக்குள் இருந்தவரின் காதும் வெளியே நின்று பேசியவரின் காதும் ஒரே அச்சில் வார்த்தவை. துக்கத்துக்குப் போயிருந்த நாங்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தோம். தொண்டையைச் செருமிக்கொண்டு பீன்ஸ் சாப்பிடப் போனோம்.

"தாத்தா, எனக்கும் தலை வலிக்குது" என்று நீக்கோ ஒருநாள் கெஞ்சியிருக்கிறான். "ஒனக்கு அது வெறும் ஜலதோஷம்டா. பின்னால போ."

போன குளிர்காலத்தில் எலோயின் தங்கை பேத்தி மரிசேலா நாலைந்து நாள் தொடர்ந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து வந்தாள். கடைசி நாள் கணக்குப் பரீட்சை இருந்தது. அதனால் அவளுடைய முனகலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எலோய் வழக்கம்போல "சபாஷ்" சொன்னார். பாலத்து வளைவில் ஒரு கிழங்கு வில்லை நழுவி அவர் காலடியில் விழுந்தது. திரும்பிப் பார்த்தபோது அவள் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இடது கை தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

ஹெலிகாப்டரில் ஆல்பகெர்க்கி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் மூளைக்குள் மெல்லிய ரத்தக்குழாய்கள் முசுக்கட்டைப் பழம் மாதிரி கொத்தாகத் திரண்டிருந்தன. அதில் ஒன்று கசிந்துவிட்டது. அறுத்து எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இடது கை மட்டும் எதையோ பொத்தி வைத்திருப்பதுபோல மடங்கியே இருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, "உங்க குடும்பத்துல வரிசையா யார் யார்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டாராம். படித்தவர் ஒருவர் எலோயிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது அதுவே முதல் தடவை. அந்த நிலையிலும் நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று மரிசேலாவின் தாய் சொல்கிறாள். டாக்டரம்மா எழுத எழுத இவர் சொல்லிக்கொண்டே போனார்.

"இவருக்குத் தலைவலி, வலிப்பு?"

"உண்டும்மா. அசல்!"

"எப்படி இறந்தார்?"

"வயல்ல நின்னுக்கிட்டே இருந்தவரு, பொத்துன்னு விழுந்துட்டாரு."

குருடன் ஹுவானுக்கு வந்தபோது, அவருக்குப் பார்வை எப்படிப் போனது என்று கேட்டார் டாக்டரம்மா. "ஒரு நாள் தலை வலிச்சுது…" என்று தொடங்கிய எலோய் நிறுத்தினார். தாய் தகப்பனில் ஒருவருக்கு இந்த ரத்தக்குழாய்க் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, பலருக்குச் சாகும்வரை தெரியாமலே இருந்துவிடும், ஆனால் தலைவலி வருகிற பிள்ளையை உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா விளக்கினார். முந்நூறு வருடமாகக் கொடி பிடித்துக் கொண்டாடியது என்ன என்று எலோய்க்கு அப்போதுதான் விளங்கியது.

ஊருக்கும் விளங்கியது. ஒரு வாரத்துக்குள் எங்கள் பள்ளத்தாக்கில் மொந்தோயா என்று ஒருவரும் இல்லாமல் போனார்கள். "நாங்க டெக்ஸஸ் பக்கம்ணே, பேரு மட்டுந்தான் ஒத்துப்போச்சு." "எங்க தாத்தா வளர்ப்புப் புள்ளைன்னு கேள்வி." வம்சத்தில் இடம் கேட்டு எலோயின் வாசலில் காத்துக் கிடந்தவர்கள், அவர் வருவதைக் கண்டால் கோழிக் கொட்டகைக்குள் புகுந்தார்கள். கிழங்கைத் தூக்கி எறிந்த எலோய் பட்டியலை மட்டும் விடவில்லை. நின்ற வாசலிலெல்லாம் உரக்கச் சொன்னார். நீ யார் மகன், யார் பேரன் என்று ஊர் கேட்கச் சொல்லிச் சொல்லியே, ஒவ்வொரு வீடாக ஸ்கேனுக்கு அனுப்பிவைத்தார்.

மிஞ்சியது நீக்கோ. அவனுக்குக் காலையில் தலை வலித்தது, வாந்தியும் வந்தது. அதை நான் என் ஜன்னலிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஒர்லாந்தோ டயர் கடையில் வேலை பார்ப்பவன், முரடன், பிள்ளைமேல் உயிராய் இருப்பவன். அந்த ஸ்கேன் எந்திரக் குழாய்க்குள் பிள்ளையை மயக்கத்தில் படுக்க வைப்பார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. அதனால் எலோய் கேட்கும்போதெல்லாம் ஒரே பதிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்:

"அது ஒங்க வீட்டுச் சீக்கு. எங்கப்பன் பெட்டி பக்கத்துல நின்னு நீங்கதான சொன்னீங்க, ஒரு சொட்டு இல்லேன்னு? ஒங்க வாயால சொன்னது. அப்புறம் எம்புள்ளைக்கு என்னத்துக்கு ஸ்கேன்?"

மூன்று வாரம் எலோய் இதைக் கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார். இந்தத் திங்கட்கிழமை அப்படிப் போகவில்லை. எஞ்சினை அணைத்தார். அந்தச் சத்தம் நின்றதில் எங்கள் தெருவே வெளியே வந்துவிட்டது. இறங்கி, ஒர்லாந்தோ வீட்டு வேலிக்கு முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றினார். பேருந்து ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள்.

"எங்கப்பன் அன்செல்மோ," என்றார், "ஒங்க பாட்டி வீட்டுக்குப் பின்வாசல் வழியா போயி வந்த ஆளு. ஃபிலிபெர்த்தோ எனக்கு அண்ணன். சாகறதுக்கு முன்னாடி எங்கப்பனே என்கிட்ட சொல்லிட்டாரு. நான் அத முழுங்கிட்டு, அண்ணன் பெட்டி பக்கத்துல நின்னு பொய் சொன்னேன். நான் ஒனக்குச் சித்தப்பன்டா. புள்ளைய ஆல்பகெர்க்கிக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

ஒர்லாந்தோ அவருடைய காதுகளைப் பார்த்தான்.

"எங்கப்பன் இருந்தப்ப சொல்லியிருக்கலாம்ல, சித்தப்பா?"

ஒர்லாந்தோ முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலிக் கதவைத் திறந்தான். "நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போறேன். இன்னிக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் போவட்டும், பரீட்சைன்னு அழுவுறான்."

நீக்கோ வந்தான். அவன் அம்மா இரு பொட்டிலும் கிழங்கு வில்லை ஒட்டி அனுப்பியிருந்தாள். எலோய் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏறு. ஒர்லாந்தோ மகன் நீக்கோ, ஒர்லாந்தோவுக்கு அப்பன் ஃபிலிபெர்த்தோ, ஃபிலிபெர்த்தோவுக்கு அப்பன் அன்செல்மோ…"

அதற்கு மேல் ஸ்பெயின்வரை போக வேண்டிய பட்டியல் அங்கேயே நின்றது. நீக்கோ, "அப்ப நான் முன்னால உக்காரலாமா தாத்தா?" என்று பல்லைக் காட்டினான். முதல் பெஞ்சில் மரிசேலா மடங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாக நகர்ந்தாள். எலோய் அவன் பொட்டிலிருந்த வில்லைகளை ஒவ்வொன்றாக உரித்தெடுத்தார்; எங்கே போடுவது என்று தெரியாமல் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஈரமாயிருந்த அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். பின்னால் காத்திருந்த பிக்கப் வண்டி ஹாரன் அடித்தது, மறுபடியும் அடித்தது. அவர் கையை எடுக்கவில்லை.