வெள்ளைச் சட்டை போட்ட மாமன்

யார் எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் பாக்யராஜ் அண்ணன் முதலில் தேதியைக் கேட்க மாட்டார். "இன்னா டிரெஸ்?" என்றுதான் கேட்பார். அவர் என் பெரியப்பா மகன். சுத்துக்கேணியில் அடுத்தடுத்த வீடு என்பதால் இந்தக் கேள்வியைப் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். கருமாதிக்குச் சொல்ல வந்த ஒருவர் கடுப்பாகி, "கோவணம் கட்டிகினு வாயேம்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அதையும் யோசித்துப் பார்ப்பவர் போலத்தான் நின்றார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கடற்படையில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். அங்கே உடை அவரவர் இஷ்டமில்லை. எஞ்சினுக்கு எண்ணெய்க் கறை தாங்கும் ஓவரால். சாதாரண நாளில் வெள்ளை அரைக்கைச் சட்டை, நெஞ்சில் மெடலுக்குப் பதில் ரிப்பன் பட்டை மட்டும். குடியரசு தின அணிவகுப்பு, பெரிய மனிதர்கள் கப்பலுக்கு வரும் நாள் என்றால்தான் கழுத்து வரை பொத்தான் வைத்த முழு வெள்ளை. அன்றைக்குத்தான் மெடல்கள் முழுசாகத் தொங்கும். அந்த முழு வெள்ளையில் ஒரு போட்டோ வீட்டுக்கு அனுப்பியிருந்தார். வரிசையாக, தொப்பியோடு, ஒரே மாதிரி நின்றவர்களில் அண்ணன் யாரென்று அவர் தங்கை ஜெயசித்ராவுக்கே சந்தேகம்தான். ஆனால் அந்த உடையை அவள் மறக்கவில்லை.

அவள் கல்யாணத்தின்போது அண்ணன் நடுக்கடலில் இருந்தார். செல்லிப்பட்டில் அவளுடைய புகுந்த வீட்டார் யாரும் அவரைப் பார்த்ததே இல்லை. அவர் ஓய்வு பெற்று வந்த கையோடு அவள் குழந்தை பிரியதர்ஷினிக்குக் காதுகுத்து வந்தது.

"அண்ணே, எங்க மாமியாரு இன்னமும் 'கப்பலாம் கப்பலு, எவன் பாத்தான்'னு இடிக்கிறாங்க. நீ அந்த வெள்ள டிரெஸ்ஸோட வந்து கொழந்தைய மடியில வெச்சிக்கினாத்தான் அந்த வூட்டுல எனக்குத் தலை நிமிரும்."

"அது பரேடுக்குப் போடுறதுடி. மொட்டை அடிக்கிறதுக்கெல்லாம் போட முடியாது. ரிட்டயர் வேற ஆயிட்டேன்."

"மெடலாச்சும் குத்திகினு வா."

"வேட்டி சட்டைல மெடலா? ஜோக்கர் மாதிரி இருக்கும்டி."

"வர்றேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

"வரேன். டிரெஸ்தான் வராது."

எனக்கு அண்ணன் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். வாடகைக் கறுப்பு அங்கியில் எடுத்த போட்டோ கூடத்தில் தொங்குகிறது. அதைப் பார்த்து எங்கள் ஊரில் சிலர் என்னை வக்கீல் என்றே நினைக்கிறார்கள். நான் இன்னும் வேலைக்கு மனு போட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கியைக் கழற்றிக் கொடுத்த பிறகு மிச்சமிருப்பது யார் என்பது எனக்கே சரியாகப் பிடிபடவில்லை.

காதுகுத்து அன்று செல்லிப்பட்டு எல்லையிலிருந்து சீர்வரிசை கிளம்பியது. முன்னால் வில்லியனூரிலிருந்து வந்த பேண்டு செட்டு. பேண்டு மாஸ்டர் முழுக்கை வெள்ளைக் கோட்டு, தோளில் தங்கச் சரிகை, நெஞ்சு நிறைய வில்லைகள், தலையில் தொப்பி. உண்மையான தளபதியே பார்த்திருந்தால்கூட ஒரு கணம் விறைத்து நின்றிருப்பார்.

அண்ணன் முன்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. கடைசியில் நின்று சீர்த்தட்டுப் பெண்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். "பழத்தட்டு, ரெண்டடி பின்னால! மஞ்சத்தட்டு, நேராப் பாத்து நட!" பெண்கள் சிரித்துச் சிரித்து வரிசை மேலும் கோணியது. அதற்குள் பேண்டு செட்டு ஆற்றங்கரைக் கோயிலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேண்டு மாஸ்டர் கழுத்தில் ரோஜா மாலையோடு மணையில் உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை. பாதித் தலை மொட்டை. ஜெயசித்ராவின் மாமனார் மாரிமுத்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"தம்பி, கப்பல்ல சாப்பாடெல்லாம் எப்பிடி?"

"கப்பல்லயா? எனக்கு இன்னாங்க தெரியும்?"

கோயிலுக்குள் மாவிளக்குப் போட்டுவிட்டு வெளியே வந்த ஜெயசித்ரா அப்படியே நின்றாள். "மாமா! அவரு பேண்டு மாஸ்டரு! எங்கண்ணன் இதோ நிக்கிறாரு!"

மாரிமுத்து வேட்டி சட்டையில் நின்ற அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். "வெள்ள டிரெஸ்ஸுல வருவாருன்னு நீதானம்மா சொன்ன?"

பேண்டு மாஸ்டர் பாவம், குழந்தையோடு எழுந்திருக்கப் பார்த்தார். "எங்க போனாலும் வெத்தல பாக்குதாங்க குடுப்பாங்க. இந்தூருல மால போட்டு, பிள்ளையையும் குடுக்குறாங்களே, இது உங்க வழக்கமாக்கும்னு நெனச்சேன்."

அண்ணன் குழந்தையை வாங்கக் கை நீட்டினார். பிரியதர்ஷினி தங்கச் சரிகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். இழுத்துப் பார்த்தார்கள். சரிகைதான் பிய்ந்தது. "நல்ல நேரம் போவுதுபா, உட்டுடுங்க" என்றார் ஊசியோடு காத்திருந்த ஆசாரி.

மீதித் தலையும் அந்த மடியிலேயே மொட்டையானது. இப்போது இன்னொரு சிக்கல். ஊசி இறங்கும்போது குழந்தை அழுவது கேட்காமல் மேளம் முழங்க வேண்டும். மாஸ்டர் கைகாட்டாமல் பேண்டு செட்டு வாசிக்காது. மாஸ்டரின் இரண்டு கையிலும் குழந்தை. ஆசாரி சுற்றிலும் பார்த்தார். அண்ணன் ஓரடி முன்னால் வந்து, விறைத்து நின்று, அணிவகுப்பு மைதானம் முழுக்கக் கேட்கும் குரலில் கத்தினார்:

"பேண்ட்... ஸ்டார்ட்!"

டிரம் அடிப்பவர் பயத்தில் அடித்த அடியில் ஆற்றங்கரைக் கொக்கெல்லாம் எழுந்தது. காது குத்தி முடிந்தது.

"மாமன் மேளம் அடிச்சான், மேளக்காரன் மாமன் ஆனான்" என்றாள் மாமியார் தனக்கொடி. அந்த வாக்கியம் இன்றைக்கும் செல்லிப்பட்டில் உயிரோடு இருக்கிறது. ஜெயசித்ரா அன்று அண்ணனோடு பேசவில்லை. பந்தியில் அவர் இலையில் மட்டும் பாயசம் விழவில்லை.

பிரியதர்ஷினி இப்போது ஐந்தாவது படிக்கிறாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அண்ணன் செல்லிப்பட்டு போய் நாற்காலியில் உட்கார்ந்து, மடியைத் தட்டிக் கூப்பிடுவார்.

"ஒரு நிமிஷம் வந்து குந்துடா செல்லம்."

"போங்க மாமா, நான் இன்னா பாப்பாவா?"

அடுப்படியிலிருந்து ஜெயசித்ரா குரல் கொடுப்பாள்: "என் மாமியாரு முன்னாடி ஒரு மடி நீ எனக்கு பாக்கி, ஞாபகம் வெச்சிக்க!"

அண்ணன் மறுபடியும் மடியைத் தட்டுவார்.