வொம்பட்டுக்கு உடைத்த தேங்காய்

எழுத்தில் வரும் முறைப்பாட்டுக்கு அறுபது நாட்களுக்குள் எழுத்திலேயே பதில் அனுப்பப்பட வேண்டும் என்பது விதி. விதியின் இலக்கம் எனக்கு நினைவில்லை. பெரியப்பாவுக்கு நினைவிருந்தது. தொலைக்காட்சி நிலையத்துக்கு அவர் எழுதிய கடிதம் அந்த இலக்கத்தில்தான் தொடங்கியது. கீழே இருந்த கையெழுத்து மட்டும் என்னுடையது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

பெரியப்பா இலங்கையில், போர் நடந்த வன்னியில், தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்களைப் பார்த்துவிட்டுப் போக மெல்பேர்னுக்கு வந்து, திரும்பிப் போகப் பயந்து, இங்கேயே இருக்க அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தார். ரோவில் என்ற புறநகரில் இருந்த எங்கள் வீட்டில் அதற்குக் ‘கேஸ்’ என்று பெயர். கேஸ் என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்கவில்லை. கேஸ் ஓடும்போது அயலவரோடு குப்பைத்தொட்டி விஷயத்தில் சண்டை பிடிக்கக் கூடாது, பார்க்கிங் டிக்கெட் வாங்கக் கூடாது என்பவை மட்டும் தெரியும். பதில் கடிதத்தில்தான் வரும் என்பதும் தெரியும். ஆனால் கடிதப் பெட்டியைப் பெரியப்பா தொடமாட்டார். பெறுநர் தபால் பெட்டிக்குள் தானே கை போடக் கூடாதாம். பெட்டியைத் திறக்கும் திறப்பு என் பள்ளிக்கூடப் பையில் தொங்கியது.

வேலை செய்ய அவருடைய விசா இடம்கொடுக்கவில்லை. ஆகவே, அவுஸ்திரேலிய உச்சரிப்புக்குக் காதைப் பழக்குகிறேன் என்று வெளியூரில் படிக்கப் போய்விட்ட என் அண்ணாவின் பழைய வீடியோ கசெட்டுகளைப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார். அதில் வொம்பட் என்ற குட்டைக்கால் அவுஸ்திரேலிய மிருகம் ஒன்று தபால்காரராக வரும். கையால் வரைந்த தொடர். வொம்பட் தோளில் பையை மாட்டிக்கொண்டு மலையேறி நடக்கும். பதினொரு நிமிடத்தில் ஒரேயொரு கடிதம் கொடுக்கும். வீட்டில் ஆளில்லாவிட்டால் அட்டை எழுதி வைத்துவிட்டு மறுநாள் திரும்பி வரும். கடிதம் கொடுத்த பின்பும் போகாது. பெற்றவர் வாசித்து முடிக்கும்வரை கேற்றடியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும். இதைக் கண்ட அன்று பெரியப்பா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

“பார் தம்பி, இது தபால் டிப்பார்ட்மென்ட்டில இருந்த ஆள்தான் எழுதியிருக்கிறார்” என்று அப்பாவிடம் சொன்னார்.

“அது ஒரு மிருகம், அண்ணை.”

“இருக்கட்டும். எங்கட ரீஜனல் ஒஃபிஸில இருந்ததுகளை விடத் திறம்.”

2012இல் அந்தத் தொடரைப் புதிதாக எடுத்து வெளியிட்டார்கள். இப்போது எல்லாம் கணினியில் செய்த படம். வொம்பட்டுக்குப் பறக்கும் ஸ்கூட்டர் கொடுத்திருந்தார்கள். ஒரு நிமிடத்தில் நாற்பது கடிதங்களை வானத்திலிருந்து வீசியது. எனக்கு உயிரே அதுதான். நான்கு மணிக்குத் தொலைக்காட்சிக்கு முன்னால் நான் இல்லையென்றால் காய்ச்சல் என்று பொருள்.

முதல் நாள் நிகழ்ச்சியிலேயே ஒரு பதிவுத் தபால் கூரையில் விழுந்தது. பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார்.

“கையெழுத்து வாங்கேல்லை! பதிவுத் தபாலை எறியிறான்! ஆர் இவனை வேலைக்கு எடுத்தது?”

அடுத்த இரண்டு வாரம் கொப்பியும் பேனையுமாக என் பக்கத்தில் இருந்து பார்த்தார். பிறகு முறைப்பாடு எழுதப்போவதாக அறிவித்தார். குசினியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தார்.

“அத்தான், உங்கட பேரில ஒருத்தருக்கும் முறைப்பாடு எழுதாதேங்கோ. கேஸ் ஓடுது.”

அதனால்தான் என் கையெழுத்து தேவைப்பட்டது. நான் மறுத்தேன். நான் நேசிக்கும் நிகழ்ச்சியைப் பற்றி நானே கோள் சொல்வதா? அப்போது பெரியப்பா, ஒழுங்கான பரிசோதனை அறிக்கையில் நிறைகள்தான் முதலில் வரும் என்றும், அந்தப் பகுதியை நானே சொல்லலாம் என்றும் ஒரு வழி சொன்னார். நான் ஏழு நிறைகள் சொன்னேன். வொம்பட்டின் மயிர் ஒவ்வொன்றும் காற்றில் தனித்தனியாக அசைகிறது. மழை பெய்தால் நமக்கும் குளிர்கிறது. பழையதில் பெண்கள் எல்லோரும் கடிதத்துக்காக வாசலில் காத்திருக்க, புதியதில் போஸம் என்ற மரவிலங்குப் பெண் ஒருத்திதான் தபாலதிபர். இதை எழுதும்போது பெரியப்பா பேனையை நிறுத்தி யோசித்தார். “ஓம், இது நியாயமான பதவி உயர்வு” என்று தலையசைத்து எழுதினார்.

குறைகள் பத்தொன்பது. அவை முழுக்க அவருடையவை. மூன்று விநாடிக்கு ஒரு பகிடி வருவதால் சிரித்து முடிக்க அவகாசமில்லை. மேடு இருக்கிறது, ஏறுவோர் இல்லை. கடிதம் வருகிறது, அதில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் சொல்வதில்லை. பத்தொன்பதாவது குறையைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டார்: தபால்காரர், பெறுநர் உறையைப் பிரிக்கும் முன்பே பறந்துவிடுகிறார்.

“அதுக்கென்ன? அவருக்கு இன்னும் முப்பத்தொன்பது கடிதம் இருக்கே” என்றேன்.

“கெட்ட செய்தி எண்டால்? வாசிக்கிற ஆளுக்குப் பக்கத்தில ஆர் நிப்பினம்?”

எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். சிறு பிள்ளையின் முறைப்பாடு பாதுகாவலர் ஊடாகவே செல்ல வேண்டும் என்று சொல்லி, பதில் அனுப்பும் முகவரியில் தன் பெயரை எழுதினார். அம்மா காணாதது அது மட்டுமல்ல. முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் மேலிடத்துக்குப் பிரதி போடாமல் அவர் ஒரு கடிதமும் அனுப்பியதில்லை. அடியில் சிறிய எழுத்தில் ‘பிரதி: மாண்புமிகு அமைச்சர், கன்பெரா’ என்று போட்டு, அதையும் தனியாகத் தபாலில் சேர்த்தார்.

விசாவுக்குப் பதில் பிந்துகிறது என்றும் இப்படி எழுதலாமே என்று கேட்டேன். அவர் கடித உறையை நாக்கால் தடவி ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அவையளுக்கு நாங்கள் எழுதக் கூடாது மகள். அவையள்தான் எழுதவேணும்.”

தொலைக்காட்சி நிலையம் கடைசிவரை பதில் போடவில்லை. ஆனால் கடிதம் போட்ட ஒன்பதாம் நாளே வேறோர் உறை வந்தது. தடித்த வெள்ளைத் தாள், மூலையில் கங்காருவும் ஈமுவும் தாங்கிய அரச இலச்சினை, பெறுநர் பெரியப்பா. அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினார். யாரையும் பிரிக்க விடவில்லை. வேலையிலிருந்த அப்பாவை அழைத்து, எல்லோரையும் காரில் ஏற்றி, த பேசின் என்ற இடத்தில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனார். உறை அர்ச்சனைத் தட்டில் வாழைப்பழத்துக்கும் வெற்றிலைக்கும் நடுவில் இருந்தது. ஐயர் அதன்மேல் பூப்போட்டார். பெரியப்பாவின் நட்சத்திரம் ஒலித்தது. அப்பா உடைத்த தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. அம்மாவுக்கு அதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

கார் தரிப்பிடத்தில் வைத்து அப்பா பிரித்தார். அம்மா பெரியப்பாவின் ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் நின்றோம். அப்பா முதல் வரியை வாசித்தார். பிறகு மறுபடியும் வாசித்தார். அவருடைய தோள் குலுங்கியது. அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

“அழாதேயும்” என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “வொம்பட்டைப் பற்றி எழுதினதுக்கு அமைச்சர் நன்றி சொல்லுறாராம்.”

அம்மாவுக்கு விளங்க நேரமெடுத்தது.

“கார்ட்டூனுக்கே தேங்காய் உடைச்சனாங்கள்?”

“கோபிக்காதேங்கோ பிள்ளை” என்றார் பெரியப்பா. கடிதத்தை வாங்கித் திகதியைப் பார்த்தார். “ஒன்பது நாள்! இதெல்லோ நிர்வாகம்!”

திரும்பும் வழியெல்லாம் அம்மா யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பிரசாதத்தில் மட்டும் பெரியப்பாவுக்கு ஒரு பழம் கூடுதலாகக் கொடுத்தார்.

கேஸுக்கான உண்மையான பதில் அடுத்த வருடம் ஒரு வியாழக்கிழமை வந்தது. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். பள்ளிக்கூடத்தால் வந்து பெட்டியைத் திறந்து, மெல்லிய சாதாரண உறையொன்றைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். அவர் கேற்றடியிலேயே நின்று அனுப்பியவர் முகவரியைப் பார்த்தார்.

“கொஞ்சம் நில்லும் மகள்.”

“இட்ஸ் ஸ்டார்ட்டிங், பெரியப்பா!”

நான்கு மணியாகிவிட்டது; நான் தொலைக்காட்சிக்கு ஓடிவிட்டேன். வொம்பட் அன்று எரிமலைக்கு மேலால் பறந்தது. நிகழ்ச்சி முடிந்து இசையும் ஓய்ந்த பிறகுதான் அவர் உள்ளே வந்தார். அனுமதி கிடைத்துவிட்டது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணீருக்குக் கேத்திலை வைத்தார். நல்ல செய்திதானே, இவ்வளவு நேரம் வெளியில் என்ன செய்தார் என்று நினைத்தேன். கண் சிவந்திருந்ததை வெயில் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் காலமான பின் கோப்புகளை அடுக்கும்போது அந்த மெல்லிய உறை என்னிடம் வந்தது. அலுவலக வழக்கப்படி பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டு வரி குறித்திருந்தார். பக்கத்தில் சாட்சியாக நின்றவரைக் குறிக்கும் ‘முன்னிலையில்’ என்ற சொல்லுக்கு எதிரே ஒரு பெயரும் இல்லை. அதற்குக் கீழே, பெற்ற திகதி: 14.03.2013.